நெகடிவ் இல்லாத படம்: உடனடிப் புகைப்படமும் அதன் மின்னாக்கமும்

மும்பைத் தமிழ்க் குடும்பங்களின் அலமாரியில் கணக்குப் புத்தகம், குடும்ப அட்டை, பள்ளிச் சான்றிதழ் ஆகியவற்றோடு பழைய புகைப்படங்கள் அடங்கிய உறை ஒன்றும் இருப்பது வழக்கம். ஊரில் நடந்த திருமணம், தாராவியில் குடியேறிய முதல் வீட்டின் வாசல், மாட்டுங்காவில் பள்ளி ஆண்டுவிழா, செம்பூரில் ஒரு காதுகுத்து எனப் பல பத்தாண்டுகள் அவ்வுறைக்குள் அடங்கியிருக்கும். சான்றிதழ் தொலைந்தால் விண்ணப்பித்து மறுபிரதி பெறலாம். கணக்குப் புத்தகம் தொலைந்தால் கிளையிலேயே புதிது தருவோம். புகைப்படம் தொலைந்தால் விண்ணப்பிக்க அலுவலகம் ஏதுமில்லை.

அண்மைக் காலமாக அவ்வுறைக்குள் புதுவகைப் படங்களும் சேர்ந்து வருகின்றன. பொத்தானை அழுத்தியவுடன் கேமராவிலிருந்தே அச்சாகி வெளிவரும் ‘இன்ஸ்டன்ட்’ படங்கள் பிறந்தநாள் விழாக்களிலும் திருமண வரவேற்புகளிலும் மீண்டும் இடம்பெறத் தொடங்கியுள்ளன. இவ்வுடனடிப் படம் எவ்வாறு உருவாகிறது, நம் நகரின் வெயிலிலும் ஈரத்திலும் எவ்வாறு நடந்துகொள்கிறது, அதனை முறையாக மின்னாக்கிப் பாதுகாப்பது எப்படி என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம். பழைய ஸ்டூடியோ படங்களுக்கும் இம்முறைகளுள் பெரும்பாலானவை பொருந்தும்.

ஒரு குழந்தையின் கேள்வி

1943ஆம் ஆண்டு அமெரிக்காவின் சாந்தா ஃபே நகரில் எட்வின் லாண்ட் என்னும் அறிவியலாளர் தம் மூன்று வயது மகளைப் படமெடுத்தார். எடுத்த படத்தை இப்போதே ஏன் பார்க்க முடியாது என்று அக்குழந்தை கேட்டது. அக்கேள்விக்கு விடைதேடியதன் விளைவே உடனடிப் படம். 1947 பிப்ரவரி 21 அன்று லாண்ட் தம் கண்டுபிடிப்பை அறிவியலாளர்களுக்குச் செய்து காட்டினார். 1948 நவம்பர் 26 அன்று பாஸ்டன் நகரக் கடையொன்றில் முதல் போலராய்டு கேமரா விற்பனைக்கு வந்தது. 1963இல் வண்ணப்படமும், தாளை உரிக்கத் தேவையின்றித் தானே வெளிவந்து தானே துலங்கும் எஸ்எக்ஸ்-70 கேமரா 1972இலும் வந்தன.

டிஜிட்டல் கேமராக்கள் பரவியபின் இத்தொழில் தளர்ந்தது. உடனடிப் படச்சுருள் தயாரிப்பை நிறுத்துவதாகப் போலராய்டு நிறுவனம் 2008இல் அறிவித்தது. நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரில் இருந்த அதன் கடைசித் தொழிற்சாலையைச் சில ஆர்வலர்கள் காப்பாற்றி, 2010 முதல் மீண்டும் படச்சுருள் தயாரித்தனர். ஜப்பானின் ஃபியூஜிஃபிலிம் நிறுவனம் 1998இல் அறிமுகம் செய்த ‘இன்ஸ்டாக்ஸ்’ வகை இடையறாது தொடர்ந்து வருகிறது. இன்று நம் கடைகளில் எளிதாகக் கிடைப்பது இவ்வகையே.

தாளுக்குள் ஓர் இருட்டறை

பழைய முறையில் ஒளி முதலில் நெகடிவில் பதியும். பின்னர் இருட்டறையில் அதிலிருந்து வேண்டிய எண்ணிக்கையில் படிகள் எடுக்கப்படும். அச்சுப்படி கிழிந்தாலும் நெகடிவ் இருக்கும்வரை இழப்பில்லை. உடனடிப் படத்தில் அந்த இருட்டறை முழுவதும் தாளுக்குள்ளேயே அடங்கியுள்ளது.

ஒளியை உணரும் வெள்ளி உப்பு அடுக்குகளும் அவற்றோடு இணைந்த சாய அடுக்குகளும் ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசப்பட்டுள்ளன. தாளின் ஓரத்திலுள்ள அகலமான வெண்பட்டைக்குள் காரத்தன்மை கொண்ட வேதிக்கூழ் ஒரு சிறு பையில் அடைபட்டிருக்கும். தாள் வெளியேறும்போது கேமராவின் இரு உருளைகள் அப்பையை நசுக்கிக் கூழைச் சீராகப் பரப்புகின்றன. ஒளிபட்ட இடங்களில் அதற்குரிய சாயம் தடுக்கப்படுகிறது. ஏனைய இடங்களில் சாயம் நகர்ந்து மேலடுக்கில் சேர்ந்து படமாகிறது. இன்ஸ்டாக்ஸ் படம் ஏறத்தாழ 90 விநாடிகளில் துலங்கும். இன்றைய போலராய்டு வண்ணப்படத்திற்குப் பத்து முதல் பதினைந்து நிமிடங்கள் தேவை.

இதிலிருந்து மூன்று நடைமுறைகள் பெறப்படுகின்றன. வெளிவந்த படத்தை விசிறிபோல் ஆட்டுதல் கூடாது. அது துலங்கலை விரைவுபடுத்தாது, அடுக்குகளைக் குலைக்கவும் கூடும். வெண்பட்டையை வெட்டுதலும் கூடாது. உள்ளிருக்கும் காரம் தோலுக்கு ஊறு செய்யும். கையில் பட்டுவிட்டால் உடனே நீரால் கழுவ வேண்டும். மூன்றாவதே தலையாயது. நெகடிவ் என்பது இங்குத் தனியே இல்லை. கையிலுள்ள அத்தாளே மூலம், அதுவே படி. உலகில் அப்படத்திற்கு வேறு பிரதி கிடையாது.

கேட்வே ஆஃப் இந்தியா முன்னே படமெடுத்துக் கையோடு அச்சிட்டுத் தருவோரை நாம் அறிவோம். அவர்கள் தருவது இவ்வகையன்று. டிஜிட்டல் கேமராவில் எடுத்துச் சிறு அச்சுப்பொறியில் பதிக்கும் படம் அது. அங்கே மூலக் கோப்பு ஒன்று உண்டு. ஆயினும் கேட்டு வாங்கினாலன்றி அக்கோப்பு நம் கைக்கு வருவதில்லை. அந்நிலையில் அந்த அச்சுப்படியையும் ஒற்றைப் பிரதியாகவே கருதி மின்னாக்கி வைத்தல் நன்று.

மும்பை வெயிலும் மழையும்

உடனடிப் படத்தில் நிகழ்வது வேதிவினையாதலால் வெப்பநிலைக்கேற்ப அதன் நிறம் மாறும். போலராய்டு படச்சுருளுக்கு 13 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை ஏற்ற வெப்பம் எனத் தயாரிப்பாளர் குறிப்பிடுகின்றனர். அதற்கு மேற்பட்டால் மஞ்சள் அல்லது செந்நிறச் சாயல் ஏறும். கீழே போனால் படம் வெளிறி நீலம் பாரிக்கும். மும்பையின் நண்பகல் வெப்பம் ஆண்டின் பெரும்பகுதியில் 28 டிகிரியைக் கடந்துவிடுகிறது. இன்ஸ்டாக்ஸ் வகைக்கு 5 முதல் 40 டிகிரி வரை இடமுண்டு. வெளிப்புறப் படங்களுக்கு இது நம் நகருக்கு ஏற்றது. போலராய்டைப் பயன்படுத்துவோர் காலை வேளையையோ குளிர்ச்சியான அறையையோ தேர்ந்துகொள்ளலாம்.

பிரிக்காத படப்பொதியைக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்கலாம். உறையும் பகுதியில் வைத்தல் கூடாது. எடுத்தவுடன் பிரிக்காமல், அறை வெப்பத்திற்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். இல்லையேல் ஈரக்காற்று பட்டு உள்ளே நீர்த்துளி படியும். பொதியின் மேல் அச்சிட்ட காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குவது அவசியம்.

எடுத்த படத்திற்கு மழைக்காலமே பெரும் பகை. புதிய படத்தின் உள்ளிருக்கும் ஈரம் முழுவதும் உலரச் சில வாரங்களாகும். ஆதலால் எடுத்த அன்றே பிளாஸ்டிக் உறையில் இறுக மூடாமல், வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் வைத்து, பின்னர் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் பெட்டியில் வைத்தல் நன்று. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. மித்தி ஆற்றங்கரையிலும் தாழ்வான தரைத்தளங்களிலும் வாழ்ந்த எத்தனையோ குடும்பங்கள் அன்று கட்டிலுக்கடியில் இருந்த பெட்டிகளோடு படங்களையும் இழந்தன. அதனை நேரில் கண்டோர் மேல்தட்டில் வைப்பதன் அருமையை அறிவர்.

ஒரு பொதி, மூன்று இடங்கள்

இப்படங்களின் இயல்பைச் செய்தறிய எண்ணி, கிளை நண்பர்கள் சிலராகச் சேர்ந்து இன்ஸ்டாக்ஸ் மினி வகையில் பத்துப் படங்கள் கொண்ட ஒரு பொதியை வாங்கினோம். ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் வசதியுள்ள கேமரா ஒன்றை இரவல் பெற்றோம். பேரேட்டில் பதிவு செய்வதுபோல் ஒவ்வொரு படத்திற்கும் எண், இடம், நேரம், ஒளியமைப்பு, ஃபிளாஷ் உண்டா இல்லையா என்பவற்றை ஒரு நோட்டில் எழுதினோம். பத்தே வாய்ப்புகள் என்னும்போது இப்பதிவே ஆசான்.

முதல் நான்கு படங்கள் தாராவி 90 அடிச் சாலையருகே பொங்கல் நாளில் எடுத்தவை. வரிசையாக அடுப்புகள், அவற்றின்மேல் பானைகள், எங்கும் புகை. இயல்பு அமைப்பில் எடுத்த முதல் படத்தில் புகை வெண்மையாய் மறைந்து, வெயிலுக்கு முதுகு காட்டி நின்றோரின் முகங்கள் கருத்தன. இரண்டாவதில் ஒளியைக் குறைத்தோம். புகையின் சுருள் தெரிந்தது, முகங்கள் முற்றிலும் இருண்டன. மூன்றாவதில் ஒளியைக் கூட்டினோம். முகங்கள் தெளிந்தன, பானையும் வானமும் கரைந்தன. நான்காவதில் ஒளியைக் குறைத்து, இரண்டு மீட்டர் அருகில் சென்று, பகலிலும் ஃபிளாஷ் இட்டோம். புகையும் முகமும் ஒருங்கே கிட்டின. உடனடிப் படம் ஏற்கும் ஒளி வேறுபாட்டின் எல்லை மிகக் குறுகியது என்பதை இந்நான்கும் காட்டின.

அடுத்த மூன்றும் மாட்டுங்கா பூக்கடைகளில் எடுத்தவை. கூரை நிழலில் மல்லிகைச் சரங்கள் தொங்கின. இயல்பு அமைப்பில் இருண்ட பின்னணியைக் கண்ட கேமரா ஒளியைக் கூட்டிக்கொண்டமையால் மல்லிகை ஒரே வெள்ளைப் பட்டையாயிற்று. ஒளியைக் குறைத்து எடுத்ததில் அரும்பு அரும்பாகத் தெரிந்தது. மூன்றாவதை மிக அண்மையில் சென்று எடுத்தோம். கேமராவின் பார்வைச் சாளரம் கண்ணாடிவில்லைக்குச் சற்று விலகி இருப்பதால், நாங்கள் நடுவில் கண்ட பூக்கூடை படத்தில் ஓரத்தில் அமைந்தது. அண்மைப் படங்களில் இவ்விலகலைக் கணக்கிட்டே குறிவைக்க வேண்டும்.

எஞ்சிய மூன்றும் செம்பூர் சேடா நகர் முருகன் கோயிலின் வெளிப்புறத்தில் அந்தி வேளையில் எடுத்தவை. ஃபிளாஷ் ஒளி ஏறத்தாழ மூன்று மீட்டருக்கு அப்பால் செல்லாது. ஆகவே முதல் படத்தில் அருகிருந்த கைப்பிடி மட்டும் ஒளிர, கோபுரம் இருளில் மூழ்கியது. இரண்டாவதில் ஃபிளாஷை நிறுத்தி, கேமராவை மதில்மேல் அசையாது வைத்து நீண்ட ஒளிப்பதிவு செய்தோம். கோபுரம் துலங்கியது, நடந்து சென்றோர் நிழல்போல் கரைந்தனர். பத்தாவது படத்தில் ஒரே தாளில் இருமுறை ஒளிபதிக்கும் வசதியைப் பயன்படுத்தி, கோபுரத்தின் இருண்ட வடிவத்தின்மேல் கடையொன்றின் விளக்குகளைப் பதித்தோம். இருண்ட பகுதியில் மட்டுமே இரண்டாம் காட்சி தெளிவாக ஏறுகிறது. முதற்காட்சியில் கருமைக்கு இடம் விடுவதே இதன் நுட்பம்.

சோதிக்க விரும்புவோர் முதலில் செலவைக் கணக்கிடுதல் நலம். பொதியின் விலையை இன்ஸ்டாக்ஸ் மினி வகையாயின் பத்தாலும், போலராய்டாயின் எட்டாலும் வகுத்தால் ஒரு படத்தின் விலை கிட்டும். அத்தொகையை ஒவ்வொரு முறை பொத்தானை அழுத்தும் முன்னும் நினைவில் கொண்டால் கண் தானே கூர்மையடையும்.

காசோலை கற்பிக்கும் பாடம்

தாளிலுள்ளதை மின்படிமமாக்கும் பணி வங்கியினர்க்குப் புதிதன்று. முன்னாட்களில் நீங்கள் செலுத்திய காசோலை, தீர்வகம் வழியாகக் கையிலிருந்து கைக்கு மாறி, பணம் தரவேண்டிய கிளைவரை நேரில் பயணம் செய்தது. சி.டி.எஸ். எனப்படும் முறையை ரிசர்வ் வங்கி 2008 பிப்ரவரியில் புதுதில்லியிலும், 2011 செப்டம்பரில் சென்னையிலும், 2013 ஏப்ரலில் மும்பையிலும் தொடங்கியது. இப்போது காசோலையின் படிமம் மட்டுமே பயணம் செய்கிறது. தாள், அதனைப் பெற்ற வங்கியிலேயே தங்கிவிடுகிறது.

ஒவ்வொரு காசோலைக்கும் மூன்று படிமங்கள் எடுக்கப்படுகின்றன. முன்பக்கம் சாம்பல்நிறச் சாயல்களுடன் அங்குலத்திற்கு 100 புள்ளிகள் அடர்த்தியில் ஒன்று. முன்பக்கமும் பின்பக்கமும் கறுப்பு வெள்ளையில் 200 புள்ளிகள் அடர்த்தியில் மற்றிரண்டு. பெயர், தொகை, தேதி, கையொப்பம் ஆகியவற்றைப் படிக்க இது போதும். நோக்கத்திற்கேற்ற அளவே மின்னாக்கத்தின் முதல் விதி.

ஆனால் படிமம் முழுமையானதன்று. காசோலைத் தாளில் நீர்க்குறி உண்டு. புற ஊதா ஒளியில் மட்டும் தெரியும் வங்கியின் சின்னமும் உண்டு. இவை படிமத்தில் வருவதில்லை. ஐயம் எழுந்தால் தாளையே எடுத்துப் பார்க்க வேண்டும். அதனால்தான் படிமம் சென்று சேர்ந்த பின்னும், விதிக்கப்பட்ட காலம்வரை தாள் பாதுகாக்கப்படுகிறது. புகைப்படத்திற்கும் இது பொருந்தும். ஸ்கேன் செய்துவிட்டோம் என்று மூலப்படத்தைக் குப்பையில் சேர்ப்பது, பணம் வந்துவிட்டது என்று பற்றுச்சீட்டைக் கிழிப்பதற்கு ஒப்பாகும். நகல் பயணம் செய்யட்டும். மூலம் வீட்டில் இருக்கட்டும்.

பெரிய ஆவணப் பணிகளும் இந்நெறியிலேயே நடக்கின்றன. தமிழகத்துப் பழைய ஸ்டூடியோக்களின் புகைப்படங்களைப் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் நிதியுதவியுடன் மின்னாக்கியது. அந்நூலகத்தின் இத்திட்டத்தில் மின்படிமங்களே உலக ஆய்வாளர்க்குத் திறந்துவிடப்படுகின்றன. மூலங்கள் அவை பிறந்த நாட்டிலேயே தங்குகின்றன. மும்பையில் அனுஷா யாதவ் 2010இல் தொடங்கிய ‘இந்தியன் மெமரி புராஜெக்ட்’ குடும்பங்களின் பழைய படங்களை அவற்றின் கதைகளோடு திரட்டி வருகிறது. படத்திலிருப்பவர் யார், ஆண்டு எது என்று சொல்ல ஆளிருக்கும்போதே எழுதிவைத்தால்தான் படம் பேசும் என்பதை அது உணர்த்துகிறது.

மின்னாக்கும் முறை

எங்கள் பத்துப் படங்களையும் மூன்று வழிகளில் மின்னாக்கிப் பார்த்தோம்.

கைப்பேசி: யாவர்க்கும் எளிய வழி இது. நேர்வெயில் படாத சாளரத்தருகே, படத்தைக் கருப்புத் துணியின்மேல் கிடத்த வேண்டும். ஒளி பக்கவாட்டிலிருந்து சாய்வாக விழ வேண்டும்; மேலிருந்து விழுந்தால் பளபளப்பான பரப்பில் விளக்கும் நம் முகமும் பிரதிபலிக்கும். கைப்பேசியைப் படத்திற்கு இணையாகப் பிடித்து, மிக நெருங்காமல், இருமடங்கு பெரிதாக்கும் வில்லையைக் கொண்டு எடுத்தால் ஓரங்கள் வளையா, நிழலும் விழாது. விரைந்து பகிர்வதற்கு இது போதுமானது.

அச்சுப்பொறியோடு இணைந்த ஸ்கேனர்: பல வீடுகளிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் உள்ளது இதுவே. இவ்வகையில் பெரும்பாலானவை கண்ணாடியைத் தொட்டுக் கிடக்கும் பொருளை மட்டுமே கூர்மையாகக் காணும். சற்றே வளைந்த உடனடிப் படத்தின் நடுப்பகுதி மங்கலாகலாம். தானியங்கித் திருத்தம் என்னும் வசதியை நிறுத்திவிட வேண்டும். அது ஆவணங்களை வெளுப்பாக்கவென அமைந்தது. தாராவிப் படத்தில் நாங்கள் அரிதில் பெற்ற புகைச்சுருளை அவ்வசதி ஒரே நொடியில் வெள்ளையாக்கிற்று.

புகைப்படங்களுக்கான தட்டை ஸ்கேனர்: சிறந்த பலன் தருவது இது. ஆயினும் உடனடிப் படத்தின் வழவழப்பான மேற்பரப்பு கண்ணாடியில் ஒட்டும்போது வானவில் வளையங்கள் போன்ற கறைகள் தோன்றும். இவற்றுக்கு நியூட்டன் வளையங்கள் என்று பெயர். படத்தின் நான்கு ஓரங்களிலும் மெல்லிய அட்டைச் சட்டத்தை வைத்துக் கண்ணாடியிலிருந்து மயிரிழை உயர்த்தினால் அவை மறையும். இவ்வகை ஸ்கேனருள் சிசிடி வகை அவ்வுயரத்திலும் கூர்மை குன்றாது.

எவ்வழியாயினும் வெண்பட்டை உட்பட முழுத்தாளையும் படிமமாக்குக. வெண்பட்டை, நிறம் பிறழ்ந்துள்ளதா என்று அறிய ஓர் உரைகல். கண்ணாடியையும் படத்தையும் மென்துணியால் உலர்வாகத் துடைக்கவும். நீரோ திரவமோ வேண்டா.

ஒன்றை மட்டும் நினைவில் கொள்க. தாளில் இல்லாததை எந்த ஸ்கேனரும் தாராது. இருளில் ஒளிந்திருப்பதைச் சிறிதளவு மீட்கலாம். வெண்மையில் கரைந்தது கரைந்ததே. ஆதலால் படமெடுக்கும்போது ஐயமிருந்தால் ஒளியைச் சற்றுக் குறைத்து எடுப்பது நன்று.

எத்தனை புள்ளிகள் வேண்டும்?

இன்ஸ்டாக்ஸ் மினியில் படப்பகுதி 62 × 46 மில்லிமீட்டர். வெண்பட்டையோடு 86 × 54 மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ உங்கள் டெபிட் அட்டையின் அளவு. நல்ல அச்சுக்கு அங்குலத்திற்கு 300 புள்ளிகள் தேவை. 300இல் ஸ்கேன் செய்தால் அதே அளவில் அச்சிடலாம், 600இல் செய்தால் இருமடங்கு நீள அகலத்தில் அச்சிடலாம், 1200இல் நான்மடங்கு. உடனடிப் படம் தாங்கும் நுணுக்கம் குறைவாதலால் பொதுவாக 600 போதும். சுவரில் மாட்டப் பெரிதாக்குவோர் மட்டும் 1200 கொள்ளலாம்.

சுருக்கம் இல்லாத டிஃப் கோப்பாக, 24 பிட் வண்ணத்தில், வெண்பட்டையோடு 600இல் சேமித்தால் ஒரு படம் ஏறத்தாழ 8 மெகாபைட் ஆகும். 1200இல் 31 மெகாபைட். நூறு படங்களை 1200இல் சேமித்தாலும் 3 ஜிகாபைட் அளவே. ஒரு சிறு பென்டிரைவில் அடங்கும். இந்த டிஃப் கோப்பை மூலக்கோப்பாகத் தொடாமல் வைத்து, அதிலிருந்து ஜேபெக் நகல் எடுத்து நிறம் திருத்தவும் பகிரவும் செய்க. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்படும். முழுத்தரம் வேண்டுமெனில் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்ப வேண்டும்.

கோப்புக்குப் பெயரிடுகையில் ஆண்டு, மாதம், நாள், இடம், எண் என்னும் வரிசையைக் கைக்கொண்டால் கணினி தானே காலவரிசைப்படுத்தும். படத்திலிருப்போரின் பெயர்களையும் உறவையும் அதே கோப்புறையில் ஓர் எழுத்துக் கோப்பாக வைக்கவும். மூலப்படத்தின் பின்புறம் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதாமல், வெண்பட்டையில் அழியா மைப் பேனாவால் மெல்ல எழுதலாம்.

கடையில் கொடுத்து மின்னாக்குவோர், படங்களை எண்ணிக் கொடுத்து, எண்ணிக்கை குறித்த ரசீது பெற்று, வேலை முடிந்ததும் கடைக் கணினியிலுள்ள நகலை நீக்கச் சொல்லுக. ஆதார், பான் முதலியவற்றின் படிகளை அதே பென்டிரைவில் வைத்துக் கடைக்குக் கொடுத்தல் கூடவே கூடாது.

மூன்று நகல்கள், ஒரு நியமனதாரர்

சேமிப்புக்கு எளிய விதியொன்று உண்டு: மூன்று நகல்கள், இருவகைச் சாதனங்கள், ஒன்றேனும் வேறிடத்தில். கணினியில் ஒன்று, தனி வன்தட்டில் ஒன்று, இணையச் சேமிப்பகத்தில் ஒன்று எனக் கொள்ளலாம். வன்தட்டை ஊரிலுள்ள உடன்பிறந்தாரிடம் கொடுத்து வைத்தால், மும்பையில் வெள்ளம் வந்தாலும் தூத்துக்குடியில் நகல் நிற்கும். ஆண்டுக்கொருமுறை, கணக்கு முடிக்கும் மார்ச் மாதத்தில், எல்லா நகல்களையும் திறந்து சரிபார்க்கவும்.

மூலப்படங்களை வங்கிப் பெட்டகத்தில் வைக்கலாமா என்று வாடிக்கையாளர் சிலர் வினவுகின்றனர். ஈரம்புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லுடன் தாராளமாக வைக்கலாம். அதே வேளையில் பெட்டகத்தின் எல்லையையும் அறிந்திருத்தல் நன்று. 2022 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள ரிசர்வ் வங்கி விதிகளின்படி, தீ, திருட்டு, கொள்ளை, கட்டட இடிவு, ஊழியர் மோசடி ஆகியவற்றால் இழப்பு நேர்ந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் நூறு மடங்கு வரை. வங்கியின் கவனக்குறைவின்றி வெள்ளம், நிலநடுக்கம் முதலிய இயற்கைச் சீற்றங்களால் நேரும் இழப்புக்குப் பொறுப்பில்லை. மேலும் பாட்டியின் ஒரே படத்துக்கு நூறு மடங்கு வாடகை ஈடாகுமா? பெட்டகம் மூலத்துக்கு நல்ல இடம். அது நகலுக்கு மாற்று ஆகாது.

இறுதியாக, பலரும் எண்ணாத ஒன்று. வங்கிக் கணக்கில் இரண்டாண்டுகள் நீங்கள் எந்தப் பரிவர்த்தனையும் செய்யாவிடில் அது செயல்படாக் கணக்காகும். பத்தாண்டுகள் கடந்தால் அத்தொகை ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் கல்வி விழிப்புணர்வு நிதிக்கு மாற்றப்படும். அப்போதும் பணம் அழிவதில்லை. உரியவரோ வாரிசோ வந்து பெறலாம். இணையச் சேமிப்பகம் அவ்வாறன்று. இரண்டாண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்கை, அதிலுள்ள படங்களோடு நீக்கும் உரிமையைக் கூகுள் நிறுவனம் தன் விதிகளில் வைத்துள்ளது. குடும்பத் தலைவர் மறைந்து கடவுச்சொல் யாருக்கும் தெரியாதபோது நிகழக்கூடியது இதுவே. அந்நிறுவனமே ‘இனாக்டிவ் அக்கவுன்ட் மேனேஜர்’ என்னும் வசதியைத் தருகிறது. கணக்கு குறித்த காலம் செயல்படாதிருந்தால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும், எவற்றை அவர்க்கு ஒப்படைக்க வேண்டும் என்பதை அதில் முன்கூட்டியே பதியலாம். வைப்புக் கணக்குக்கு நியமனதாரரைப் பதிவது போன்றதே இது.

ஆகவே அடுத்த விடுமுறை நாளில் அலமாரி உறையைத் திறந்து, நெகடிவ் இல்லாத படங்களை முதலில் பிரித்தெடுங்கள். வீட்டிலுள்ள மூத்தவரை அருகில் அமர்த்தி, ஒவ்வொன்றிலும் இருப்பவர் யார் என்று கேட்டு எழுதுங்கள். ஸ்கேனர் பின்னாளிலும் கிடைக்கும். அப்பெயர்களைச் சொல்லக்கூடியவர் எந்நாளும் கிடைப்பார் என்று சொல்வதற்கில்லை.